பால்சுறாவும் ஐந்து குட்டிகளும்

பதுளைச் சந்தையில் மீன் பலகைக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிற தம்பிமாருக்கு எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். என் எழுத்து மீன் முள்ளு மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்காமல் பார்த்து வாசியுங்கள். ஆனால் சுறா என்று வந்துவிட்டால் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை நாலு ஊரிலும் எனக்கு மேலே ஒருத்தன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில் கிடந்தவன் மகன், ஒரு சைக்கிளும் ஒரு பலகைப் பெட்டியும் வைத்துத் தொடங்கி, சந்தையில் மூன்று பலகை போட்டவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. ஏழு சாதிச் சுறாவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பேர் சொல்லத் தெரிந்த பிறகுதான் நான் கடலைப் பார்த்தேன். அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. லொறியில் தொற்றிக்கொண்டு பொத்துவில் போனேன். கரையில் ஒரு மணி நேரம் நின்றேன். சத்தம்தான் பெரிதாக இருந்தது, ஒரு சுறாவையும் காணோம். நம் ஐஸ் பெட்டியில் இதைவிடக் கூட இருக்குமே என்று நினைத்துக்கொண்டு அடுத்த லொறியில் திரும்பிவிட்டேன்.

பேரைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். போன மாதம் சந்தைப் பக்கம் வந்தேன். கொம்பன் குட்டிக்குத் தலையை வெட்டிப்போட்டு, உடம்பை மட்டும் பலகையில் நீட்டி, பால்சுறா என்று கூவிக்கொண்டிருந்தார் ஒருத்தர். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். சின்னதாக எது வந்தாலும் உங்களுக்குப் பால்சுறாதான்.

தலை இரண்டு பக்கமும் மண்வெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது கொம்பன். உடம்பில் வரி ஓடினால் புலிச்சுறாவின் குட்டி. வாய் சின்னதாக, மூக்கோரம் மீசை வைத்துக்கொண்டு இருப்பது பூனைச்சுறா. நீந்துகிற செட்டை நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு இருந்தால் அதற்கு லொறிக்காரர் ஒரு பேர் சொல்வார், சிங்களச் சனம் ஒரு பேர் சொல்லும், நான் வைத்த பேர் கருஞ்செட்டை. இன்றைக்குச் சந்தையில் எல்லாரும் கருஞ்செட்டை என்கிறீர்கள். யார் வைத்த பேர் என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். கொம்பனும் புலியும் கருஞ்செட்டையும் குட்டியாக இருக்கும்போதுதான் சின்னது. கடலில் விட்டு வைத்தால் ஆள் உயரம் வளரும். பால்சுறா அப்படியில்லை. அது வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றாலும் இரண்டு முழத்தோடு சரி. சிங்களத்தில் கிரி மோரா என்பார்கள், அங்கேயும் அது பால் மீன்தான். பிள்ளை பெற்றவளுக்கு அதை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டு வறுத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்று நம் சனத்துக்கு நம்பிக்கை. அதனால்தான் அந்தப் பேருக்கு இத்தனை கிராக்கி. நீங்கள் பொய் சொல்வதும் அதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சுறாக் குட்டிக்கு நம்மைப் போலவே தொப்புள் உண்டு. மல்லாக்கப் போட்டு, முன் செட்டை இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். மீன் ஒரு முழத்துக்கு மேலே இருக்கிறது, தொப்புள் இன்னும் ஆறவில்லை என்றால், அது பிறந்து கொஞ்ச நாளே ஆன பெரிய சுறாவின் பிள்ளை. தொப்புள் மூடி, தழும்பும் தெரியாமல் இருந்தால் பால்சுறாவாக இருக்கலாம். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பொத்துவிலிலிருந்து லொறியில் மீன் ஏற்றி வந்த ஒரு முஸ்லிம் பெரியவர், காக்கா என்று கூப்பிடுவோம். பேர் எழுத மாட்டேன், அவர் அதை விரும்புகிற ஆள் இல்லை. வந்த புதிதில் நான் ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பிடித்து இது பால்சுறாவா, இது பால்சுறாவா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் என் கையிலிருந்த மீனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"மனே, பேரச் சொல்லிப் போட்டு மீனப் பாக்கிறாய். மீனப் பாத்துப் போட்டுப் பேரச் சொல்லு."

மீன் விஷயத்தில் அதை அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். மனுசர் விஷயத்தில் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னும் சில வருசம் பிடித்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் கடைசி. பசறைக்கு மேலே ஒரு தோட்டம். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நான் அங்கே போவேன். சைக்கிளில் போவேன் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. ஏற்றத்தில் சைக்கிளை நான்தான் கொண்டுபோவேன். தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ஒரு வளைவு, அதில் ஒரு முள்முருங்கை மரம். அங்கே நின்று மீன் பேரைக் கூவினால் மேலே பத்துக் காம்பரா வீட்டிலும் கேட்கும். நான் ஏறி வருவதற்குள் பெண்கள் தட்டோடு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நிற்பார்கள்.

ஒரு ஞாயிறு பழனி என்கிற ஆள் அந்த வளைவிலேயே எனக்காகக் காத்திருந்தான். கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். அவன் பெண்சாதி செவனம்மாவுக்குப் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள் என்றான். பால் போதவில்லை, பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறது. முன்னால் இரண்டு பிறந்து தங்கவில்லை, இரண்டும் உயிர் இல்லாமலே வந்தது, இது மூன்றாவது.

"பொட்டப்புள்ள அண்ணே. இதாச்சும் நிக்கணும். சுத்தமான பால்சுறா ஒண்ணு வேணும்."

அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன் என்று சத்தியம் பண்ணினேன். நான் சத்தியம் பண்ணினால் கடலே வற்றினாலும் மீன் வரும். சனிக்கிழமை விடிய லொறி வந்ததும் முதல் ஆளாய்ப் பெட்டிக்குள் கையை விட்டேன். இருந்தது ஒன்றே ஒன்று. நல்ல பால்சுறா. தொப்புள் இல்லை. வயிறு புடைத்திருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தேன், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் சந்தோஷம் என்று கேளுங்கள். இரண்டு முழத்துக்குள் உள்ள ஒரு சுறாவின் வயிற்றில் குட்டி இருந்தால், அது குட்டிச் சுறா இல்லை, வளர்ந்த மீன். அசல் பால்சுறா என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்த லயத்தில் எனக்கு அப்படி ஒரு சாட்சி தேவைப்பட்டது.

மருதாயி அக்கா என்று கங்காணியின் சம்சாரம் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து கங்காணியே மலையை விட்டு இறங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போய்ப் பெட்டியை இறக்கியதுமே தொடங்கிவிட்டாள்.

"போன மாசம் ஒருத்தன் இப்பிடித்தான் பால்சுறான்னு ஒண்ணக் குடுத்துட்டுப் போனான். தின்ன மூணு பேருக்கும் பல்லு வலிதான் வந்துச்சு."

"நான் அவன் இல்லக்கா. இது அசலு. தொப்புள் இருக்கான்னு பாருங்க."

"தொப்புள் பாத்து வாங்க நான் என்ன மருத்துவச்சியா? ஒங்களுக்கு எல்லாக் குட்டியும் பால்சுறாதான் தம்பி. கடல்ல வேற மீனே கெடையாது."

லயமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏழு சாதி தெரிந்தவனைப் பார்த்து ஒரு கங்காணி பெண்சாதி சிரிக்கலாமா? பலகையை இஸ்தோப்புப் படியில் வைத்தேன், மீனைப் போட்டேன், எல்லாரும் கிட்ட வாங்க என்று கூப்பிட்டேன். கத்தியை வைத்து ஒரே இழுப்பு.

ஐந்து குட்டி பலகையில் வழிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். கண் திறந்திருந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஒரு கொடி தாயின் உடம்புக்குள் போயிருந்தது. நான் ஒரு குட்டியைக் கொடியோடு தூக்கிப் பிடித்தேன்.

"இத்தினிக்கூண்டு ஒடம்புல புள்ள தரிக்கிற சுறா நம்ம பக்கம் வேற எது வருது, சொல்லுங்க. இதுதான் பால்சுறா. இப்ப என்ன சொல்றீங்க?"

சிரிப்பு நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் எல்லாரும் பார்க்கிற பக்கம் பார்த்தேன். மூன்றாவது காம்பரா வாசலில் செவனம்மா நின்றாள். ஒரு கையில் தட்டு, தோளில் பிள்ளை. அவள் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, எண்ணுகிற மாதிரி. பிறகு தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மருதாயி அக்காவின் வாயில் கிண்டல் போய்விட்டது.

"போங்க தம்பி," என்றாள். "இப்பப் போங்க."

விறகுக்குப் போயிருந்த பழனி வருகிறவரைக்கும் நிற்க எனக்குத் தைரியமில்லை. மீனை மருதாயி அக்காவிடம் கொடுத்தேன். குட்டிகளைச் சேம்பு இலையில் அள்ளிக்கொண்டு இறங்கினேன். அதுவரைக்கும் எத்தனையோ சுறாவின் வயிற்றைக் கிழித்திருக்கிறேன். குட்டி இருந்தால் கான் வாய்க்காலில் வீசுவேன், நாய் தின்னும், திரும்பியும் பார்த்ததில்லை. அன்றைக்கும் லயத்து நாய் இரண்டு பின்னாலேயே வந்தன. எனக்கு வீச முடியவில்லை. வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முருங்கை மரத்தடியில் மீன் கத்தியாலேயே மண்ணைத் தோண்டினேன். இலையைக் கீழே வைத்த நேரம் ஒரு நாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. கல்லெறிந்தேன், துரத்தினேன், கிடைக்கவில்லை. மிச்சம் நாலையும் புதைத்து மேலே கல் அடுக்கினேன். சந்தையில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மீன் புதைக்கிற மீன்காரன் என்று பேர் வந்தால் அப்புறம் பலகை போட முடியுமா?

செவ்வாய்க்கிழமை பழனி சந்தைக்கு வந்தான். பெரட்டுக்குப் போகாமல், பசறைக்கு நடந்து வந்து பஸ் பிடித்து வந்திருந்தான். ஞாயிறிலிருந்து செவனம்மா ஒரு வாய் சாப்பிடவில்லையாம். வெறும் தேயிலைச் சாயத்தண்ணி மட்டும் இறங்குகிறது. இருந்த பாலும் நின்றுவிட்டது. பால்மா கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளை கக்கிவிடுகிறது. அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டி, இப்போது சத்தமே வரவில்லை. இதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடைசியில்தான் என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க வந்து, அது குட்டி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணே. அது சுறா தின்ன மீனுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. மீனுன்னா ஒங்க வாயிதானே."

மற்ற நாளில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பேச்சு இனிக்கவில்லை. பலகையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு பஸ் ஏறினேன்.

பஸ் வளைந்து வளைந்து போகிறது, நான் பொய்யைப் பழக்குகிறேன். சுறா சின்ன மீனை முழுசாக விழுங்கும். விழுங்கினது வயிற்றில் அப்படியே கிடக்கும். கொடி மாதிரி தெரிந்தது குடல். நல்ல பொய், தம்பிமாரே. ஏழு சாதி தெரிந்தவன் சொல்கிற பொய். எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை இல்லை. அந்தப் பிள்ளை பிழைக்க ஒரு பொய் வேண்டும் என்றால் அதைச் சொல்லாமல் இருக்க நான் யார் என்றும் நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

செவனம்மா இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிள்ளை மடியில். அதன் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை. மருதாயி அக்கா பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு நின்றாள். நான் படியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

"தங்கச்சி, அன்னைக்கி நீ பாத்தது..."

அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அண்ணே, அதுக அஞ்சையும் என்ன பண்ணுனீங்க?"

அதுகள் என்ன என்று கேட்டால் சொல்லத்தான் என்னிடம் பொய் இருந்தது. என்ன பண்ணினீர்கள் என்பதற்கு நான் ஒன்றும் தயார் பண்ணி வரவில்லை. பழனி என்னைப் பார்க்கிறான். கண்ணாலேயே கெஞ்சுகிறான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து என்று எண்ணி வைத்திருக்கிறாள். மூன்று பிள்ளை சுமந்தவளுக்குக் கொடியும் குடலும் வித்தியாசம் தெரியாதா? பேரைச் சொல்லிப்போட்டு மீனைப் பார்க்கிறாய் என்ற காக்கா இருந்திருந்தால் அந்த இடத்தில் என் மண்டையில் ஒன்று வைத்திருப்பார்.

"நாலப் புதைச்சேன் தங்கச்சி," என்றேன். "கீழ வளைவுல, முருங்க மரத்தடியில. ஒண்ண நாய் தூக்கிருச்சு. வெரட்டிப் பாத்தேன். முடியல."

பழனி தலையில் கை வைத்துவிட்டான். மருதாயி அக்கா என்னை முறைத்தாள். நாய் கதையைச் சொல்லாமல் ஐந்தையும் புதைத்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று அப்புறம் என்னிடமே கேட்டாள். எனக்கு அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் செவனம்மாவின் முகம் அந்த நாய் பேச்சில்தான் மாறியது. பொய் சொல்ல வந்தவன் நாயைக் கூட்டிக்கொண்டு வர மாட்டான் இல்லையா.

"எங்கன்னு காட்டுங்க," என்று எழுந்தாள்.

முப்பது நாள் கழியாத பச்சை உடம்பு, வாசல் தாண்டக் கூடாது என்று மருதாயி அக்கா தடுத்தாள். செவனம்மா நிற்கவில்லை. அப்புறம் அந்த அக்காவே உள்ளே ஓடித் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள் தலையோடு போர்த்திவிட்டு, பிள்ளையையும் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். நாலு பேருமாய் இறங்கினோம். நான் அடுக்கிய கல் அப்படியே இருந்தது. செவனம்மா குந்தி உட்கார்ந்தாள். கல்லைத் தொடவில்லை. பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நம்ம ரெண்டும் எங்க?"

அது பழனியிடம் கேட்டது. உங்களுக்கு இது புரிய ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் லயத்தில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தால், தாய் கண் முழிப்பதற்குள் ஆம்பிளைகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே வைத்தோம் என்று அவளிடம் சொல்வதில்லை. தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது தங்காது என்று ஒரு பயம். அவளும் கேட்கக் கூடாது. செவனம்மா அதுவரைக்கும் கேட்டதில்லை.

பழனி என்னைப் பார்த்தான். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை?

"எட்டாம் நம்பர் மலையில," என்றான் கடைசியில். "மேல் கான் முடியிற எடத்துல பெரிய கல்லு ஒண்ணு இருக்குல்ல. அதுக்குப் பின்னால. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல."

"அந்தக் கல்லா?"

"ஆமா."

"அதுல சாஞ்சுக்கிட்டு நான் வெத்தல போட்டிருக்கேன்."

"தெரியும். பாத்திருக்கேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

அவன் கையில் இருந்த கவ்வாத்துத் தழும்பையே தடவிக்கொண்டு நின்றான். பிறகு அந்த மலைக்குப் போகும்போதெல்லாம் புல்லைச் சுரண்டிவிட்டுத்தான் வருவேன் என்று, யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னான். செவனம்மா அப்போதுதான் அழுதாள். பெரிய அழுகை இல்லை. மருதாயி அக்கா அதற்குள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பசிக்குதாடி?" என்றாள். "பசிக்குது," என்றாள் செவனம்மா.

மேலே போய்க் கஞ்சியைக் குடித்தாள். இரண்டு கோப்பை. அடுத்த ஞாயிறு நான் போனபோது பிள்ளை அழுகிற சத்தம் வளைவுக்கே கேட்டது. அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. பால் வந்துவிட்டது. எதனால் வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சுறாவால் இல்லை. அந்த மீனைச் செவனம்மா கடைசிவரை தொடவில்லை. மருதாயி அக்கா உப்புப் போட்டுக் காயவைத்து, கங்காணிதான் தின்றார். அவருக்குப் பால் ஊறியதாகத் தகவல் இல்லை.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். சுறாவின் வயிற்றைச் சந்தையிலேயே, குழாயடியில், நீங்கள் மட்டும் பார்க்கிற மாதிரித் திறந்துவிட்டுக் கொண்டுபோங்கள். அடுத்தவர் வாசலில் திறக்காதீர்கள். உங்கள் மீன் அசல் என்று காட்ட உங்களுக்கு ஆயிரம் சாட்சி கிடைக்கும். சாட்சியைத் தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருங்கள். மாட்டிக்கொண்டால், மீனிலும் சரி பேச்சிலும் சரி, நாய் தூக்கினதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் பசறைக்கு மேலே என் மீனைத் தவிர வேறு மீன் ஏறவில்லை. சும்மா சொல்லவில்லை, இன்றைக்கும் போய்க் கேட்கலாம். வளைவில் நின்று மீன் பேரைக் கூவுவதை மட்டும் நான் விட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டு போனேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர்களுக்கு இந்தியாக் காகிதம் வந்தது, குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விட வேண்டும். ரயில் ஏறுகிற அன்று காலை பழனியும் செவனம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு சந்தைக்கு வந்தார்கள். மகள் லெச்சுமி கூட நின்றாள். பல் விழுந்து முளைத்திருந்தது. என் பலகையில் கிடந்த சுறாவின் தோலை வாலிலிருந்து தலைக்குத் தடவி, "சுரண்டுதும்மா" என்று கையை உதறினாள். நான் அவளுக்குத் தலையிலிருந்து வாலுக்குத் தடவக் காட்டிக்கொடுத்தேன். பழனி தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். செவனம்மா பலகையோரம் வந்து நின்றாள்.

"ஆபீசுல இந்தியா போற பாரம் எழுதுறப்ப எத்தன புள்ளன்னு கேட்டாங்க அண்ணே. மூணுன்னேன். அந்தய்யா ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாரு."

"எழுதட்டும் தங்கச்சி."

"ரெண்டு இங்கன இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போறவரு."

அவ்வளவுதான் கேட்டாள். நான் சரி என்றேன். நான் சரி என்றால் சரி, அது உங்களுக்கும் தெரியும். மீன் கொண்டுபோன காலம் முழுக்க, மாசத்தில் ஒருநாள் சைக்கிளை வளைவில் விட்டுவிட்டு எட்டாம் நம்பர் மலை ஏறி, அந்தக் கல்லுக்குப் பின்னால் புல்லைச் சுரண்டிவிட்டு வருவேன். யாராவது கேட்டால் மலைப்பக்கம் ஒரு கடன்காரன் இருக்கிறான் என்பேன். சந்தையை விட்ட பிறகும் பஸ்ஸில் போய் வந்தேன். வளைவில் இருந்த முருங்கை மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். கல் இருக்கிறது.

இப்போது என் முழங்கால் போய்விட்டது. போன தடவை மேல் கான் வரைக்கும்தான் ஏற முடிந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோகிறீர்கள், அரை மணியில் பசறை தாண்டிவிடுகிறீர்கள். உங்களில் யாராவது ஒருத்தர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்தி, கானோரமாகவே மேலே ஏறுங்கள். கான் முடிகிற இடத்தில் பெரிய கல். பின்னால் சுற்றிப் போனால் கையளவில் இரண்டு சின்னக் கல், பக்கத்துப் பக்கத்தில். எழுத்து ஒன்றும் இருக்காது. புல்லை மட்டும் சுரண்டிவிட்டால் போதும். கொழுந்து எடுக்கிற பெண்கள் யாராவது யாருடையது என்று கேட்டால், மூன்றாவது காம்பரா செவனம்மாவுடையது என்று சொல்லுங்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்றும் சொல்லுங்கள்.